குவைத்து நாட்டின் ஆராய்ச்சி நிலையங்கள்

மன்னார்க் கடலிலே முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், ஆளரவமற்ற கரையோரத்திலே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழுந்து, சில வாரங்கள் சந்தடியோடு விளங்கிப் பின்னர் மறைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மரிச்சுக்கட்டியில் அவ்வாறெழுந்த நகரத்தில், கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்த குளிகாரரோடு பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியக் குளிகாரரும் கூடியிருந்தனர். அவர்தம் சொந்தக் கடலும் முத்துக்கடலே. அக்கடலின் வடகோடியில், பாலைவனமும் உப்புநீரும் சந்திக்கும் இடத்திலே, மதில் சூழ்ந்த ஒரு சிறிய துறைமுகப் பட்டினம் இருந்தது. அதன் பெயர் குவைத்து. இன்று அதே பெயரால் வழங்கும் நாடு, பரப்பளவில் இலங்கையின் நான்கிலொரு பங்கிலும் சற்றே பெரியது.

குவைத்து மக்களுக்கு அக்காலத்தில் முத்தும் மரக்கலமுமே வாழ்வு. கோடை மாதங்களிலே ஆடவரிற் பெரும்பாலோர் முத்துப் படகுகளில் ஏறிவிடுவர். கப்பல் தலைவனிடம் முற்பணம் வாங்கியே குளிகாரன் கடலுக்குச் செல்வான். முத்து அகப்படாவிடின் கடன் நிற்கும். தந்தை பட்ட கடன் மைந்தன் தலையிலும் ஏறும். எனினும் அத்தொழில் பட்டினம் முழுவதையும் தாங்கி நின்றது.

அந்த வாழ்வைக் குலைத்தது புயலுமன்று, பகைவர் படையுமன்று. தொலைதூரத்து ஆய்வுகூடம் ஒன்று. யப்பானிலே மிக்கிமொட்டோ கொக்கிச்சி என்பவர், தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்து விலங்கியற் பேராசிரியர் மிற்சுக்குரியின் அறிவுரையைத் துணையாகக் கொண்டு, சிப்பிக்குள்ளே மனிதன் கையால் முத்தை விளைவிக்க முயன்றார். 1893ஆம் ஆண்டில் அரைவட்ட முத்து கைகூடிற்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் முழு உருண்டை முத்தும் கைகூடிற்று. 1920களில் அம்முத்துக்கள் ஐரோப்பியச் சந்தையை வந்தடைந்தன. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் உடன் சேர்ந்தது. வளைகுடா முத்தின் விலை வீழ்ந்தது. படகுகள் கரையிலே கிடந்து வெயிலிற் பிளந்தன. சிப்பியின் வாழ்க்கையை முறையாக ஆராய்ந்த ஒரு நாடு, சிப்பியைத் தேடி மூழ்கிய நாட்டின் தொழிலைத் தன்னை அறியாமலே அழித்தது. குவைத்தியர் விஞ்ஞானத்தைப் பற்றிப் பெற்ற முதற் பாடங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும். அது மிகக் கசப்பான பாடம்.

பின்னர் வந்த கதை பலரும் அறிந்ததே. 1938இல் புர்கான் என்னும் இடத்தில் எண்ணெய் பீறிட்டது. உலகப் போர் இடையிட்டமையால் 1946ஆம் ஆண்டிலேதான் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. 1961இல் நாடு பூரண சுதந்திரம் பெற்றது. இவ்வளவு விரைவிற் செல்வம் வந்த நாட்டில் மாளிகைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அச்செல்வத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குத் திரும்பியதே.

அதற்குக் காரணம் நீர் எனலாம். குவைத்திலே ஆறில்லை, குளமில்லை. மழையோ பெயரளவில் மட்டுமே. முன்னாளில் ஈராக்கிலுள்ள சட்டுல் அராபு நதியிலிருந்து பாய்க்கப்பல்களிலே குடிநீர் வந்து இறங்கிற்று. காற்று மாறினால் ஊர் தாகத்தால் வருந்தும். 1953ஆம் ஆண்டில் அரசாங்கம் சுவைக்குத் துறையில், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் கலன் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையத்தை அமைத்தது. அதன் பின்னர், தாழ்ந்த அழுத்தமுள்ள அறைகளினூடே சூடான கடல்நீரைச் செலுத்தி, அறைதோறும் ஒரு பகுதியை ஆவியாக்கும் புதிய முறையும் அதே சுவைக்குக்கு வந்தது. அம்முறை பிற்காலத்தில் வளைகுடா எங்கணும் பரவிற்று. ஆயினும் அதனை வகுத்தவர்கள் மேனாட்டுப் பொறியியலாளர். இயந்திரங்களைச் செய்தவையும் மேனாட்டுக் கம்பனிகள். குவைத்து அதனை விலைக்கு வாங்கிற்று. குழாயில் உப்புப் படிந்தாலும், கொதிகலனில் துரு ஏறினாலும், அயல்நாட்டு வல்லுநருக்கே தந்தி பறந்தது. வாங்கிய பொருளை விளங்கிக்கொள்ளவேனும் தன்னாட்டில் அறிவாளர் வேண்டும் என்னும் உணர்ச்சி இங்கே பிறந்தது.

கல்வியின் பக்கத்தே நோக்கினால், வணிகர்கள் பொருளுதவி செய்து நிறுவிய முபாரக்கியா பாடசாலை 1911இலேயே தோன்றிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது 1966இலேதான். அன்று மாணவர் 418 பேர். ஆசிரியர் 31 பேர். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்றிற்கூட இதனினும் அதிகமான மாணவர் படித்த காலம் அது. அதற்கு அடுத்த ஆண்டிலே, 1967இல், குவைத்து விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. ஒரு தலைமுறை மாணவரேனும் பட்டம் பெற்று வெளிவருமுன்னரே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அடுத்து நேர்ந்த பல இடர்ப்பாடுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்நிலையத்தை அமைத்தவர் யார்? அராபிய எண்ணெய்க் கம்பனி என்னும் பெயருடைய யப்பானியக் கம்பனி. குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் பொதுவாயிருந்த நடுநிலை வலயக் கடலிலே எண்ணெய் தேடும் உரிமையை, 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் இரு அரசுகளிடமிருந்தும் அக்கம்பனி பெற்றது. குவைத்துடன் செய்த உடன்படிக்கையின் கடப்பாடுகளை நிறைவேற்றும் முகமாக அது ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிக் கொடுத்தது. முத்து வாணிகத்தை அழித்த விஞ்ஞானம் எந்நாட்டிற் பிறந்ததோ, அந்நாட்டவர் கையாலேயே குவைத்தின் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. வரலாறு சில வேளைகளில் இத்தகைய விளையாட்டுக்களையும் ஆடுகிறது. அக்கம்பனியின் உரிமைக்காலம் 2003இல் குவைத்திலே முடிவுற்றது. நிலையமோ இன்றும் நிற்கிறது.

நிலையத்துக்கு வகுக்கப்பட்ட முதற் பணிகள் மூன்று: பெற்றோலியம், பாலைநிலப் பயிர்ச்செய்கை, கடல்வாழ் உயிரியல். அணுவைப் பிளக்கவோ விண்மீனை அளக்கவோ எவரும் முற்படவில்லை. நிலத்திலுள்ள எண்ணெய், மணலில் விளையக்கூடிய பயிர், கரையோரத்து மீன் ஆகிய மூன்றும் அந்நாட்டு மக்கள் கண்ணாற் கண்டவை. சிறிய நாடுகள் பல புகழுக்காகப் பெருந்துறைகளைத் தொட்டுக் கைசோர்ந்தமையை நோக்குமிடத்து, இத்தெரிவு அறிவுடைமையே ஆகும். 1973இல் நிலையம் சீரமைக்கப்பட்டு அரசின் நேர்ப்பொறுப்பில் வந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதற்குத் தனி நிறுவனமென்னும் தகுதியை அளித்தது.

இதற்கிடையில் 1976ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒன்று தனியே எடுத்துரைக்கத்தக்கது. ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருவது என்பது எல்லா நாடுகளுக்கும் உள்ள கேள்வி. அரசின் வரவு செலவுத் திட்டத்தையே நம்பியிருந்தால், எண்ணெய் விலை தாழும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது ஆய்வுகூடமாகவே இருக்கும். அக்காலத்திலே முடிக்குரிய இளவரசராயும் பிரதம மந்திரியாயும் விளங்கிய சேக் ஜாபிர் அல் அகமது ஒரு வழி கண்டார். நாட்டின் பங்குக் கம்பனிகள் ஒவ்வொன்றும் தன் ஆண்டு நிகர இலாபத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைப் பொது நிதியம் ஒன்றுக்கு அளித்தல் வேண்டும் என்பது திட்டம். அவ்வாறு அமைந்ததே குவைத்து விஞ்ஞான முன்னேற்ற நிதியம். வங்கி நடத்துவோனும் கப்பல் ஓட்டுவோனும் ஈட்டிய இலாபத்தில் ஒரு பங்கு விஞ்ஞானத்துக்குச் செல்லும் இவ்வேற்பாடு, முத்துக் காலத்தில் வணிகர் கூடிப் பாடசாலை கட்டிய பழக்கத்தின் நீட்சி போலவே தோன்றுகிறது. காலப்போக்கில் அவ்வீதம் இரண்டரையாகவும், பின்னர் ஒன்றாகவும் குறைந்தது. கம்பனிகளின் மனம் எத்திசையிற் சாய்ந்தது என்பதை இக்குறைப்பிலிருந்து நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் நிதியம் அற்றுப்போகவில்லை.

அந்நிதியம் செய்த பணிகளுள் ஒன்று தமிழ் பேசும் மக்கள் கருத்தூன்றி நோக்கத்தக்கது. அமெரிக்காவிலே வெளியாகும் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையை அராபிய மொழியிற் பெயர்த்து, ‘அல் உலூம்’ என்னும் பெயரால் 1986ஆம் ஆண்டு முதல் வெளியிடலாயிற்று. ஆய்வுகூடத்திலே ஆங்கிலம், வீட்டிலே அரபு என்னும் பிளவு குவைத்திலும் உண்டு. கலைச்சொல் ஆக்குவதன் இன்னலை அறிந்தோர், ஒரு சஞ்சிகையை இதழ்தோறும் பெயர்த்து வெளியிடுவது எத்துணை உழைப்பு என்பதை உணர்வர். கட்டடம் எழுப்புவதற்குக் கிடைக்கும் கைதட்டல் இத்தகைய பணிக்குக் கிடைப்பதில்லை.

இனி, ஆய்வுகூடங்களில் அமர்ந்து பணியாற்றியவர் யார் என்று பார்த்தல் வேண்டும். எகிப்தியர், பலஸ்தீனர், இந்தியர், ஐரோப்பியர் எனப் பலரும் அங்கே இருந்தனர். நாட்டின் சனத்தொகையில் குடியுரிமையுடையோர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. ஏனையோர் தொழிலுக்கென வந்தவர்; அவர்களுள் இலங்கையரும் மிகப் பலர். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர்களுக்குக் குடியுரிமை கிட்டுதல் மிக அரிது. பதினைந்து ஆண்டுகள் ஒரு நுண்ணுயிரை ஆராய்ந்த அறிஞர், ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி கட்டிப் புறப்படுவார். அவருடன் அவர் அனுபவமும் புறப்பட்டுவிடும். குவைத்தியரைப் பிறநாடுகளுக்கு அனுப்பிக் கலாநிதிப் பட்டம் பெறச் செய்து இக்குறையைப் போக்க முயன்றனர். அம்முயற்சி பலன் தரத் தொடங்கிய காலத்திலேதான் பேரிடி விழுந்தது.

1990ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்தினுள் நுழைந்தது. ஏழு மாத ஆக்கிரமிப்பிலே ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகமும் சூறையாடப்பட்டன. கருவிகளும் கணினிகளும் நூல்களும் வாகனங்களில் ஏற்றப்பட்டு எல்லை கடந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்தவை சில மாதங்களில் ஒழிந்தன. ஒரு நுண்காட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். ஆண்டாண்டாகக் கடலின் வெப்பத்தையும் உப்பையும் குறித்து வைத்த ஏடுகள் போனால், அந்த ஆண்டுகளை மறுபடியும் வாங்க எந்தப் பணத்தாலும் இயலாது. போரின் பின்னர் பலஸ்தீனரிற் பெரும்பாலோர் குவைத்தை விட்டகன்றனர். மருத்துவமனையிலும் பாடசாலையிலும் அவர்கள் விட்டுச்சென்ற இடம் எளிதில் நிரம்பவில்லை.

பின்வாங்கிய படை எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ மூட்டிச் சென்றது. அறுநூறுக்கு மேற்பட்ட கிணறுகள் எரிந்தன. இறுதிக் கிணற்றை அடைத்தது 1991ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதியாகும். தீ அவிந்தபின்னும் பாலைவனத்திலே எண்ணெய் ஏரிகள் கிடந்தன. கனரகப் போர் வாகனங்கள் உழுது சென்றமையால், மணலைக் காற்றினின்று காத்திருந்த மெல்லிய சரளைப் போர்வையும் கிழிந்தது. சூறையாடப்பட்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு, தன் கூரையைச் செப்பனிடுமுன்னரே, இவையெல்லாம் பணியாக வந்து சேர்ந்தன.

எண்ணெய் தோய்ந்த மண்ணை என்செய்வது? 1990களில் குவைத்து அறிஞர் யப்பானியப் பொறியியலாருடன் கூடிப் புர்கான் வயலிலே ஒரு முயற்சியில் இறங்கினர். மண்ணைக் குவியல்களாக்கி, நீரும் காற்றும் உரமும் ஊட்டி, எண்ணெயை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பெருகச் செய்தனர். வளமான மண்ணும் மிதமான வெப்பமும் உள்ள நாடுகளிலே இது புதுமையன்று. கொதிக்கும் மணலிலே, ஈரம் நில்லாத இடத்திலே, இது நடைபெறுமோ என்பதே கேள்வி. ஓராண்டு, ஈராண்டு எனப் பொறுமையாக அளந்து பார்த்ததில், மண்ணிலிருந்த எண்ணெயின் பெரும்பகுதி குறைந்தது. அக்கேள்வியை வேறொரு நாடு குவைத்துக்காகக் கேட்டிருக்கமாட்டாது.

அளவீடுகளுக்கு வேறொரு பயனும் விளைந்தது. போரினால் நேர்ந்த இழப்புகளுக்கு ஈடு வழங்க ஐக்கிய நாடுகள் ஓர் ஆணைக்குழுவை 1991இல் அமைத்தது. நிலமும் கடலும் நிலத்தடி நீரும் கெட்டமைக்கு ஈடு கேட்க வேண்டுமாயின், எவ்வளவு கெட்டது என்று காட்டுதல் வேண்டும். கண்ணீரை அவ்வாணைக்குழு சான்றாக ஏற்காது. மண்மாதிரியையும் வரைபடத்தையுமே ஏற்கும். குவைத்துக்கு உரிய இழப்பீட்டின் இறுதித் தவணை 2022ஆம் ஆண்டு சனவரியிலே செலுத்தப்பட்டது. உரிமை கோரிய எல்லோருக்குமாக அவ்வாணைக்குழு வழங்கிய ஈடு மொத்தம் 52.4 பில்லியன் டொலர். அதிற் கணிசமான பகுதி எண்ணெய்த் தொழிலின் இழப்புக்கெனினும், சுற்றுச்சூழலுக்கு உரிய பங்கு ஆய்வாளரின் குறிப்பேடுகளால் நிலைநாட்டப்பட்டதாகும்.

இவ்விடத்தில் அயலிலுள்ள கத்தார் நாட்டை ஒருகால் எட்டிப் பார்த்தல் தகும். அங்கே 1995இல் ஒரு பெரிய கல்வி நிதியத்தை நிறுவி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகளையே தலைநகருக்கு அழைத்து வந்து நாட்டினர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பொறியியற் கிளை 2003இல் அங்கு தொடங்கிற்று. பட்டமும் பாடத்திட்டமும் ஆசிரியரும் ஒருசேர வந்தமையால் பயன் விரைவிற் கிட்டியது. நல்ல பொறியியலாளர் பலர் வெளிவந்தனர். எனினும் 2024ஆம் ஆண்டிலே, அக்கிளையை 2028இற்குள் மூடிவிடுவதென அமெரிக்காவிலுள்ள அதன் ஆளுநர் சபை தீர்மானித்தது. கத்தார் தன் சொந்த நிறுவனங்களையும் வளர்த்து வருவதால் அந்நாடு வெறுங்கையோடு நிற்காது. ஆயினும் பதியனிட்ட கிளைக்கும் வேர்விட்ட மரத்துக்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு தீர்மானத்திலே தெரிந்துவிட்டது.

குவைத்தின் வழி மெதுவானது. அதன் குறைகளும் பல. ஆராய்ச்சிக்கெனச் செலவாகும் தொகை நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு அரை வீதத்தையும் எட்டாத ஆண்டுகளே அதிகம். அரசாங்க அலுவலகத்தில் நிறைந்த சம்பளமும் குறைந்த வேலையும் எளிதிற் கிடைக்கும் நாட்டில், கூர்மதியுள்ள இளைஞன் ஏன் பத்தாண்டு படித்து நள்ளிரவிலே சோதனைக் குழாயைக் காத்து நிற்க வேண்டும் என்னும் கேள்விக்கு இன்னும் நிறைவான விடை காணப்படவில்லை. செல்வம் ஆய்வுகூடத்தைக் கட்டியது. அதே செல்வம் ஆய்வாளனைப் பிறக்கவிடாமலும் தடுக்கிறது.

ஞாயிற்றின் வெப்பமும் அங்கே ஆராய்ச்சிப் பொருளாகும். 2016ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி மித்திரிபா என்னும் இடத்தில் 53.9 பாகை சென்ரிகிரேட்டு வெப்பம் பதிவாயிற்று. எண்ணெய் மிகுந்த நாட்டுக்குச் சூரியவிசை எதற்கு என்று பலரும் நகைத்த 1980களிலேயே, ஆராய்ச்சி நிலையம் யேர்மனியருடன் சேர்ந்து சுலைபியாவில் குழியாடிகளால் மின்விசை ஆக்கிப் பார்த்தது. எண்ணெய் விலை வீழ்ந்ததும் அவ்வார்வமும் வீழ்ந்தது. ஒரு தலைமுறை கழித்துச் சகாயா என்னும் பாலைவெளியிலே அது மீண்டும் தலைதூக்கிற்று. அங்கே 10 மெகாவாற்றுக் காற்றாலைகளும், 10 மெகாவாற்று ஒளித்தகடுகளும், பகலில் சேர்த்த வெப்பத்தை உருக்கிய உப்பிலே காத்து இரவிலும் மின்விசை தரும் 50 மெகாவாற்று நிலையமும் எழுந்தன. மூன்றையும் அருகருகே நாட்டியதன் நோக்கம், எந்த முறை அந்தப் புழுதியையும் அந்த வெப்பத்தையும் தாங்கும் என்பதைத் தன் மண்ணிலேயே அறிவதாகும். தகட்டில் ஒரு வாரத்திற் படியும் தூசு எவ்வளவு விசையைத் தின்னும் என்பதற்கான விடை ஐரோப்பியப் புத்தகத்தில் இராது.

கடலின் கதை இன்னும் எஞ்சியிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகத்து, செத்தெம்பர் மாதங்களில் குவைத்துக் குடாவிலே மடவை மீன்கள் ஆயிரக்கணக்கான தொன் செத்து ஒதுங்கின. மக்கள் அஞ்சினர், நஞ்சு கலந்துவிட்டதென வதந்தி பரவிற்று. குவைத்து அறிஞரும் அழைக்கப்பட்ட அயல்நாட்டு வல்லுநரும் கூடி ஆராய்ந்ததில், ஒருவகைப் பற்றீரியா நோயே முதன்மைக் காரணமெனத் தெரிந்தது. கழிவுநீரால் ஊட்டம் மிகுந்து கெட்ட குடாவும், அவ்வாண்டின் கடும் வெப்பமும் நோய்க்குத் துணை நின்றன. பழி கடலின் மீதன்று, கரையிலுள்ளோர் மீதே என்பது அந்த விடையிலே அடங்கியிருந்தது. அதனை வெளியிடுவதும் ஆராய்ச்சி நிலையங்களின் கடமையே.

குவைத்தியர் மிக விரும்பி உண்பது சுபைதி என்னும் மீன். தமிழர் வெள்ளை வாவல் என்று சொல்வது அதனையே. 1990களின் பிற்பகுதியில் அதன் பிடிபாடு மிகக் குறைந்தது. மென்மையான உடலும் அஞ்சும் இயல்பும் உடைய அம்மீனைத் தொட்டியிலே வளர்க்க எவராலும் இயலவில்லை; வலையிற் பட்ட சிறு காயத்திலேயே அது மடிந்துவிடும். குவைத்து ஆராய்ச்சி நிலையத்து மீனியலாளர், கடலிலே மீனவர் படகிலேறி, உயிருள்ள மீனின் முட்டையைப் பிழிந்தெடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளுக்கு ஏற்ற உணவைத் தேடித்தேடிப் பல பருவங்கள் தோற்றனர். 1998ஆம் ஆண்டிலே குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. உலகில் வேறெங்கும் அதற்குமுன் கைகூடாத காரியம் அது. தொட்டியிற் பிறந்த மீனைச் சந்தைக்குக் கட்டுபடியாகும் விலையிலே பெருக்குவது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

அத்தொட்டிகள் அமைந்த இடம் சால்மியாக் கரை. கோடையில் ஒரு வாரம் பாய்மரப் படகுகள் சில அக்கரையிலிருந்தே புறப்படுகின்றன. பாட்டன்மாரின் தொழிலை நினைவுகூரும் பொருட்டு இளைஞர்கள் பழைய முறைப்படி மூக்கை இடுக்கி, கல்லைக் காலிற் கட்டி, முத்துக் குளிக்கிறார்கள். குளித்தெடுத்த சிப்பிகளைப் படகின் மேற்றட்டிற் குவித்து, ஒவ்வொன்றாய்ப் பிளந்து பார்க்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருப்பதில்லை.